பிலிமை உரிக்கும் முன்: புதுக் காரின் பெயிண்ட் வீணானால் யார் பொறுப்பு?

கேள்வி: நான் கோவையில் வசிக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் 74 லட்ச ரூபாய்க்கு அடர்நீல நிறத்தில் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினேன். டெலிவரி எடுத்த மூன்றாம் நாளே ஒரு டீடெய்லிங் கடையில் விட்டு, பாலிஷ், வண்டி முழுவதற்கும் பெயிண்ட் பாதுகாப்பு பிலிம், அதன்மேல் செராமிக் கோட்டிங் என்று 2,40,000 ரூபாய் கொடுத்தேன். 1,40,000 ரூபாய்க்கு மட்டுமே பில் தந்தார்கள். மீதியை உரிமையாளரின் எண்ணுக்கு கூகுள் பேயில் அனுப்பினேன். இப்போது பானெட்டின் மடிப்பு விளிம்பில், பிலிமுக்கு அடியில், சாம்பல் நிறக் கோடு தெரிகிறது. கதவுக் கைப்பிடியைச் சுற்றி பிளேடு கீறிய தடமும் இருக்கிறது. "வாரண்டி பிலிமுக்குத்தான், பெயிண்ட்டுக்கு இல்லை" என்கிறார் கடைக்காரர். ஜாப் கார்டிலும் அப்படியே அச்சிட்டிருக்கிறது. வண்டியைக் கொண்டு வந்தால் பழைய பிலிமை உரித்துவிட்டு இலவசமாகப் புதிது ஒட்டித் தருவதாகவும் சொல்கிறார். ஷோரூமிலோ, வெளியில் வேலை செய்ததால் பெயிண்ட் வாரண்டியே ரத்து என்கிறார்கள். யார் மீது, எங்கே வழக்குப் போடுவது? போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: முதலில், இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும் அந்த வேலைக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சியம் அந்த பிலிமுக்கு அடியில்தான் இருக்கிறது. கடைக்காரர் தனியாக உரித்து, இன்னொரு முறை பாலிஷ் போட்டு, புது பிலிம் ஒட்டிவிட்டால், எந்தச் சேதம் எப்போது நேர்ந்தது என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். நல்லெண்ணத்தில்தான் அவர் கூப்பிடுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், விளைவு அதுதான்.

நீங்கள் சொல்லும் சாம்பல் கோடு, பாலிஷ் இயந்திரம் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட்டையும் நிறப் பூச்சையும் தாண்டி அடிப்பூச்சு வரை தேய்த்ததன் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். மடிப்பு விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியதாக அமைவதால், கவனமுள்ள பணியாளர்கள் அங்கே டேப் ஒட்டி மறைத்த பிறகே இயந்திரத்தை வைப்பார்கள். கைப்பிடியைச் சுற்றியுள்ள கீறலும் அப்படித்தான். பிலிமை முன்கூட்டியே அளவாக வெட்டி எடுத்து வராமல், வண்டியின் மேலேயே வைத்துப் பிளேடால் நறுக்கினால் வருவது. இந்த இரண்டு விவரங்களும், சேதம் பிலிமின் தரத்தால் வந்ததல்ல, வேலை செய்த கையால் வந்தது என்பதைக் காட்டுபவை. ஆகவே வாரண்டி அட்டை எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்ற வாதத்துக்குள் நீங்கள் நுழையவே வேண்டாம்.

ஏனெனில் உங்கள் உரிமை வாரண்டியிலிருந்து பிறக்கவில்லை. சாவியைக் கொடுத்து வண்டியை விட்ட நிமிடத்திலேயே, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆவது பிரிவு சொல்லும் ஒப்படைப்பு உறவு, அதாவது ஒரு நோக்கத்துக்காகப் பொருளை இன்னொருவரிடம் விட்டுவைக்கும் உறவு, ஏற்பட்டுவிட்டது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனத்துடன் பொருளைப் பெற்றுக்கொண்டவரும் காக்க வேண்டும் என்று 151ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. டெல்லி ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் 1998இல் பணியாளரிடம் சாவி கொடுத்து நிறுத்தப்பட்ட கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: தன்னிடம் கவனக்குறைவு இல்லை என்று விளக்கும் பொறுப்பு முதற்கட்டத்தில் பொருளைப் பெற்றுக்கொண்டவருடையது, "உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டுவிடுவதால் மட்டும் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அவர் நழுவ முடியாது. உங்கள் ஜாப் கார்டில் உள்ள வாசகத்துக்கும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த வாசகத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கக் கோரினால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு காரணங்களோடு நிறுத்திக்கொண்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2(47)ஆவது பிரிவு சொல்வதால், பில் இல்லாத அந்த ஒரு லட்சம் உங்களுக்குப் பாதகமல்ல. கூகுள் பே பதிவு இருக்கும்வரை அது கடைக்காரருக்குத்தான் சங்கடம். (வரி மிச்சமாகும் என்று நீங்களே பில் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அந்த உரையாடலும் வாட்ஸ்அப்பில் இருக்கும், என்னிடம் மறைத்தாலும் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.)

ஆணையத்தின் வரம்பைப் பலரும் காரின் விலையை வைத்துக் கணக்கிட்டுத் தடுமாறுகிறார்கள். இப்போதைய சட்டப்படி பார்க்க வேண்டியது நீங்கள் பெற்ற சேவைக்குக் கொடுத்த தொகையை மட்டுமே. 2,40,000 ரூபாய் என்பது மாவட்ட ஆணையத்தின் வரம்பான 50 லட்சத்துக்கு உட்பட்டது. ஐந்து லட்சம் வரை புகார் கட்டணமும் கிடையாது. ஷோரூமையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து காரைப் பற்றியும் பரிகாரம் கேட்டால், 74 லட்சம் கணக்கில் ஏறி மாநில ஆணையம்தான் வழி என்ற ஆட்சேபம் எழும். அவர்கள் மேல் கோபம் நியாயமே என்றாலும் இந்த வழக்கில் அவர்களை இழுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வண்டி உங்கள் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா என்று நீங்கள் எழுதவில்லை. நிறுவனத்தின் பெயரில் இருந்தால் 'வணிகப் பயன்பாடு' என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார், அதனாலேயே வணிக நோக்கத்துக்கு வாங்கியது ஆகிவிடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது அப்போது கைகொடுக்கும்.

இனி சாட்சியம். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் ஒரு தேதியையும் இடத்தையும் குறிப்பிட்டு, இரு தரப்பு முன்னிலையிலும் பானெட் பிலிம் உரிக்கப்பட்டுப் பெயிண்ட்டின் தடிமன் அளக்கப்படும் என்று தெரிவியுங்கள். அவர் வர மறுத்தால், புகாரோடு இடைக்கால மனு போட்டு, ஆணையத்தின் மூலமே நிபுணரை நியமிக்கக் கோருங்கள். தடிமன் மானியை பிலிமின் மேல் வைத்தால் பிலிமின் 150, 200 மைக்ரானும் சேர்ந்தே காட்டும் என்பதால் அந்த அளவு எதற்கும் உதவாது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் பானெட் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மானி அங்கே எண்ணே காட்டாது. எதிர்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். பானெட்டின் நடுப்பகுதி, விளிம்பு ஆகியவற்றோடு, பாலிஷ் எட்டாத கதவின் உட்பகுதியிலும் அளந்து ஒப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். டெலிவரி நாளில் எடுத்த படங்களும், கடைக்காரர் வண்டியைப் பெற்றபோது ஜாப் கார்டின் குறைகள் கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டதும், சேதம் முன்பே இருந்தது என்ற வாதத்துக்குப் பதிலாக அமையும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றை இணையுங்கள்.

ஷோரூமின் பதிலை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகத்துக்கு, எந்த நிபந்தனையின்படி வாரண்டி மறுக்கப்படுகிறது? 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், வெளியில் பழுது பார்த்தாலே வாரண்டி முழுவதும் ரத்து என்ற நிபந்தனை கூடாது என்றும், தவறான வேலையால் சேதமான அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. பானெட்டை அவர்கள் மறுப்பது நியாயமாக இருக்கலாம். யாரும் கை வைக்காத அடித்தளத்தில் துருப்பிடித்தால் அதையும் மறுப்பது வேறு விஷயம்.

போலீஸ் புகாரில் பயனில்லை. சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) கொடுத்து, இது உரிமையியல் விவகாரம் என்று முடித்து வைப்பார்கள். அந்த முடிவையே எதிர்தரப்பு ஆணையத்தில் காட்டும்.

பரிகாரமாக, சேதமான பாகங்களை மீண்டும் பெயிண்ட் அடிக்க அங்கீகரிக்கப்பட்ட பணிமனை தரும் மதிப்பீட்டுத் தொகை, சேவைக்குக் கொடுத்த பணம், தொழிற்சாலைப் பெயிண்ட் போனதால் மறுவிற்பனையில் வரும் இழப்பு, மன உளைச்சலுக்கு மிதமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். புதுக் கார் கேட்காதீர்கள். சேதம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்றாலும், வெயிலில் நிற்க நிற்க பிலிமின் பசை இறுகி, உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்தால் அந்தப் பழியும் உங்கள் மேல் விழும் என்பதால், இந்த மாதத்துக்குள்ளேயே அறிவிப்பை அனுப்பிவிடுங்கள்.