திரையில் நீலம், தாளில் ஊதா

கேள்வி: நிலாவெளியில் எடுத்த படங்களைத் திருத்தி வீட்டுப் பிரிண்டரில் அச்சடிக்கிறேன். மொனிற்றரில் பளிச்சென்று இருப்பது தாளில் இருண்டுவிடுகிறது. கடலும் ஊதாவாக வருகிறது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மொனிற்றர்தான். புதிதாக வாங்கிய மொனிற்றர்கள் பல 250 நிட்டுக்கும் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மேலாக ஒளிர்கின்றன. தாள் தானாக ஒளிராது. அத்தனை வெளிச்சத்தில் திருத்தினால் கை தன்னாலே படத்தை இருட்டாக்கிவிடும்.

மொனிற்றரைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். இரவு நேர மஞ்சள் ஒளி, தானாக மாறும் கான்ட்ராஸ்ட் இரண்டையும் நிறுத்துங்கள். யன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. பிறகு திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவியான கலரிமீட்டரைத் திரையோடு ஒட்டவைத்து, அதன் மென்பொருளில் 100 நிட், வெண்மை டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), காமா 2.2 (இடைப்பட்ட நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற அளவு) என்று இலக்குக் கொடுங்கள். வெளிச்சத்தை முதலில் மொனிற்றரின் பட்டன்களாலேயே குறைக்க வேண்டும். மென்பொருளால் குறைத்தால் நிறப்படிகள் குறைந்து வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கண்ணால் மட்டும் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நீலம் பாய்ந்த திரையையும் கண் சற்று நேரத்தில் வெள்ளையென்றே ஏற்றுக்கொள்ளும்.

அச்சடித்த படத்தை 5000 கெல்வின் விளக்கின் கீழ் பிடித்து ஒப்பிடுங்கள். தாள் இன்னும் இருண்டிருந்தால் இலக்கை 90, 80 என்று இறக்கி மறுபடி அளவிடுங்கள்.

ஊதா வேறு கதை. போட்டோஷொப்பும் பிரிண்டர் டிரைவரும் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஒரே படத்தில் நிறத்தைத் திருத்தினால் செவ்வூதா படியும். போட்டோஷொப்பில் உங்கள் தாளுக்கும் மைக்கும் உரிய, நிறங்கள் எப்படி அச்சாகும் என்று சொல்லும் கோப்பான ஐசிசி புரொபைலைத் தெரிவுசெய்து, டிரைவரில் நிறத்திருத்தத்தை முற்றாக நிறுத்துங்கள். அதன் பிறகும் ஆழ்கடலின் கடும் நீலம் மாறினால், அது மையால் எட்ட முடியாத நிறம். சொஃப்ட் புரூஃபில் (அச்சு எப்படி வருமென்று திரையிலேயே காட்டும் வசதி) பார்த்து, நீலத்தின் செறிவை மட்டும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மை காயத் தாமதமாகும். ஒரு நாள் விட்டு நிறத்தைப் பாருங்கள்.

கேள்வி: கலரிமீட்டர் இல்லை. ஸ்டூடியோவில்தான் அச்சடிக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, மூதூர்

பதில்: படத்தை எஸ்ஆர்ஜிபியில் (பொதுவாகப் பயன்படும் நிற வரம்பு) ஜேபெக்காகக் கொடுங்கள், அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல ஸ்டூடியோக்களில் நிறம் வெளிறும். தானியங்கித் திருத்தம் வேண்டாமென்று சொல்லி, முகமும் சாம்பல் நிறமும் உள்ள ஒரு படத்தை 4ஆர் (4×6 அங்குலம்) அளவில் எடுங்கள். அதே கோப்பைத் திரையில் திறந்து, பிரிண்டைப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துவரும்வரை மொனிற்றரின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறத்தில் கை வைக்காதீர்கள்.