சமதரையில் டிராக்டர் ஏன் மல்லாந்து விழுகிறது?

கேள்வி: சேடை ஓட்டும்போது (நடவுக்கு முன் வயலைச் சேறாக உழும்போது) டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் இறந்தார் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். மேடா பள்ளமா, எங்கள் வயல் பலகை மாதிரி இருக்கிறதே, எப்படிக் கவிழும்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எஞ்சின் விசை பின் அச்சைத் திருப்புகிறது. சக்கரம் சுழன்றால் வண்டி முன்னே போகும். சேற்றில் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) இறுகி நின்றுவிட்டால், அதே விசை வண்டியின் உடம்பை அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் எழும்பி முக்கால் விநாடிக்குள் மீட்க முடியாத நிலை வந்துவிடும். ஒன்றரை விநாடியில் வண்டி மல்லாந்திருக்கும். கால் கிளட்சுக்குப் போய்ச் சேரவே நேரமிருக்காது. நசுங்காவிட்டாலும், ஸ்டியரிங்குக்கு அடியில் முகம் சேற்றில் புதைந்தாலே மூச்சு முட்டிவிடும்.

புதைந்த சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சங்கிலியால் கட்டி, முதல் கியரில் முறுக்குவார்கள். அதுதான் எமன். கட்டை பிடிமானம் கொடுத்ததும் சக்கரம் நிற்கும், மூக்கு எழும்பும்.

சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று குழி பறிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சக்கரத்தின் பின்பக்கச் சேற்றை மண்வெட்டியால் வழித்துவிட்டு, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். ரிவர்ஸில் விசை மூக்கைக் கீழே அழுத்தும், தூக்காது. வயலிலிருந்து சாலைக்கு ஏறவும் இதேபோல ரிவர்ஸ்தான். அசையவில்லையென்றால் இன்னொரு வண்டியை வரச்சொல்லுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் டிராபாரில், அதாவது பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மாட்டுங்கள். கலப்பையின் மேல்பக்கத்தை இணைக்கும் டாப் லிங்க் கொக்கியில், அச்சுக்கு மேலே மாட்டினால் அந்த வண்டியும் மல்லாந்துவிடும். சங்கிலி அறுந்தால் சாட்டைபோல வீசும். ஆட்கள் அதன் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நிற்கட்டும். மட்கார்டில் ஆளை உட்கார வைக்கவே வேண்டாம், தவறினால் நேரே கேஜ் வீலுக்கு முன்னால்தான் விழுவார்.

பாதுகாப்புச் சட்டகம் (கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம்) உள்ள வண்டியில் சீட் பெல்ட் கட்டாயம். சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள்.

கேள்வி: பி.டி.ஓ. தண்டின் (டிராக்டரின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு) மூடி உடைந்துவிட்டது. அறுவடை முடியும்வரை ஓட்டலாமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: கூடாது. அது நிமிடத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு 9. தண்டு 5 செ.மீ. பருமன் என்றால், தோளில் கிடக்கும் துண்டை விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் சுருட்டும். முழுத் துண்டே அவ்வளவு நீளம்தான். புது மூடி வாங்கி மாட்டிவிட்டு ஓட்டுங்கள். ரோட்டவேட்டரில் (சுழலும் கத்திகளால் உழும் கருவி) வைக்கோல் சிக்கினாலும் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.