குற்றவியல் என்றாலே காக்கிச் சட்டையா?

(குற்றவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் இந்த வாரம் பதில் சொல்கிறார்)

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.ஏ. குற்றவியல் படிக்க ஆசை. ‘பொம்பளப் பிள்ளைக்குப் போலீஸ் வேலை எதுக்கு? வேணும்னா சோசியாலஜி எடு’ என்கிறார் அப்பா. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா மேடம்? எதை எடுப்பது?
– ஒரு மாணவி, உசிலம்பட்டி

பதில்: பொம்பளப் பிள்ளைகள் போலீசில் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். குற்றவியல் வகுப்பில் யாரும் லத்தி பிடிக்கவும் கற்றுத்தர மாட்டார்கள், திருடனை மடக்கவும் கற்றுத்தர மாட்டார்கள். எதைக் குற்றம் என்கிறோம், யார் தலையில் அந்தப் பெயரைக் கட்டுகிறோம், தண்டனையால் என்ன நடக்கிறது, பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்பதுதான் பாடம். அதில் பெரும்பகுதியை எழுதியவர்களே, அப்பா சொல்லும் சோசியாலஜி, அதாவது சமூகவியல்காரர்கள்தான். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் செய்யும் மோசடியையும் குற்றமாகவே ஆராய வேண்டும் என்று 1939-இல் மேடையேறிச் சொன்ன எட்வின் சதர்லாண்ட், அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர்.

உங்களுக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. பக்கத்திலேயே பெருங்காமநல்லூர் இருக்கிறது. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று பதிவுசெய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்கார அரசு 1871-இல் கொண்டுவந்தது. பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, உங்கள் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீதும் பாய்ந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் நின்ற மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இங்கே சட்டம் 1947-இல் ரத்தானது.

அந்த ஊர் நினைவுத்தூணை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘அன்றைக்குக் குற்றம் செய்தது யார்?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சட்டம் எப்படிக் குற்றவாளியை உண்டாக்குகிறது என்று கேட்டால் அது குற்றவியல். சட்டம் போன பிறகும் அந்தப் பெயர் ஒரு சமூகத்தை ஏன் விடாமல் துரத்துகிறது என்று கேட்டால் சமூகவியல். நடுவில் வேலி எதுவும் கிடையாது.

எதை எடுப்பது என்றால், இளங்கலையில் சமூகவியல், முதுகலையில் குற்றவியல் என்பது என் கட்சி. (நானே குற்றவியல் ஆசிரியை என்பதால் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.) இளங்கலையில் குற்றவியல் வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடமாக உண்டு, குற்றவியல் இல்லை. எம்.ஏ. குற்றவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனாலும் நல்ல துறை உள்ள கல்லூரியில் பி.ஏ. குற்றவியலே கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அங்கே சிறைக்கும், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் கூட்டிப்போவார்களா என்று மட்டும் சேருமுன் விசாரியுங்கள். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, போய்ப் பார்ப்பது வேறு.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. சமூகவியலில் தப்பித்துவிடலாம்தானே?
– ஒரு மாணவர், ஆரணி

பதில்: தப்பிக்க முடியாது தம்பி. ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல் என்று எப்படியும் வந்து நிற்கும். ஆனால் பெரிய கணக்கெல்லாம் இல்லை, சந்தேகப்படத் தெரிந்தால் போதும்.

ஒன்று பாருங்கள். 2020-இல் நாட்டில் பதிவான குற்ற வழக்குகள் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் கூடின என்றது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருஷம்! அறிக்கையைப் புரட்டினால் விஷயம் புரியும். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் போட்ட வழக்குகள் 29,469-இலிருந்து 6,12,179 ஆகிவிட்டன. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது போட்டது. திருட்டு வழக்குகளோ குறைந்திருந்தன. ஏறியது போலீஸ் பதிவேடு. அதை மட்டும் வைத்து ‘நாடு கெட்டுவிட்டது’ என்று எழுதினால் என் வகுப்பில் மார்க் கிடைத்திருக்காது.

கேள்வி: என் மகள் பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டுத் தடயவியல் ஆய்வகத்தில் வேலைக்குப் போக முடியுமா?
– ஒரு தந்தை, கடலூர்

பதில்: கஷ்டம் ஐயா. ரத்தம், விஷம், துப்பாக்கிக் குண்டு இதையெல்லாம் சோதிக்கிற வேலைக்கு வேதியியல், உயிரியல் போல ஏதாவது ஓர் அறிவியல் பட்டமோ தடயவியல் பட்டமோ வேண்டும். டி.வி. தொடர் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். மனிதர்களோடு பேசிப் பழகும் வேலை அவளுக்குப் பிடிக்குமானால் சமூகவியல் வீண் போகாது. சிறைத் துறையின் நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆபீசர்) பதவி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் வருவதுதான். அடுத்த அறிவிப்பு வரும்போது தகுதிகளை வரிவிடாமல் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.