கொலஸ்ட்ரால் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 54, ஆண். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். போன மாதப் பரிசோதனையில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6, மொத்த கொலஸ்ட்ரால் 262, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் 165, ரத்தக் கொழுப்பில் இன்னொரு வகையான ட்ரைகிளிசரைடு 310. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். கொலஸ்ட்ரால்தான் கிட்னியைக் கெடுத்துவிட்டதா? டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் கிட்னிக்கு ஆகாது என்று நண்பர் சொன்னதால் நிறுத்திவிட்டேன்.

பதில்: முதலில் உங்கள் டாக்டரைப் பார்த்து, நிறுத்தியதைச் சொல்லி, மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வயதையும் கிரியாட்டினினையும் வைத்துக் கணக்கிட்டால் கிட்னியின் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர், சுமார் 50 வருகிறது; இது குறைவுதான். இதற்குப் பெரும்பாலும் சர்க்கரையும் பிரஷரும்தான் காரணமாக இருக்கும். கொலஸ்ட்ராலைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லப்போனால், கிட்னி கெட்டதாலும் கொழுப்பு ஏறியிருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் நிறையக் கசிந்தால், இழந்ததை ஈடுகட்ட ஈரல் கூடுதலாக வேலை செய்யும். அப்போது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களையும் சேர்த்தே அதிகமாகத் தயாரித்துவிடும். நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போகும் நெஃப்ரோட்டிக் நிலையில் கொலஸ்ட்ரால் 300, 400 என்று போவது சகஜம். கிட்னி பலவீனமாகும்போது ரத்தத்திலிருந்து ட்ரைகிளிசரைடு அகற்றப்படுவதும் மந்தமாகிவிடும். உங்கள் 310-இல் இதற்கும் பங்கு இருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரைக்கும் இருக்கலாம். (வெறும் வயிற்றில்தானே ரத்தம் கொடுத்தீர்கள்? காலையில் இட்லி, வடை சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த 310-ஐ அவ்வளவாக நம்ப வேண்டாம்.)

சரி, கொழுப்பு கிட்னியைத் தாக்கவே தாக்காதா? தாக்கும் என்ற கருத்தை 1982-இல் மூர்ஹெட் குழுவினர் லான்செட் இதழில் முன்வைத்தார்கள். வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளில் எல்.டி.எல் புகுந்து ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்கும் செல்கள் கொழுப்பு நிரம்பி வீங்குகின்றன. அந்த இடம் மெல்ல மெல்லத் தழும்பாகிறது. விலங்குகளில் இது நன்றாகவே தெரிந்தது. மனிதர்களில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 2011-இல் வெளியான ஷார்ப் ஆய்வில், கிட்னி நோய் உள்ள 9,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிப் பேருக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் எசிடிமைபும் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் அடைப்பு நிகழ்வுகள் 17 சதவீதம் குறைந்தன. ஆனால் டயாலிசிஸ் வரை போவதை அந்த மருந்துகள் தடுக்கவில்லை.

ஆகவே இந்த மாத்திரை உங்கள் இதயத்துக்காக. கிட்னி நோயாளிகளில் பலருக்கு டயாலிசிஸ் வருவதற்கு முன்பே மாரடைப்பு வந்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, டயாலிசிஸில் இல்லாத கிட்னி நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்து வகை) கொடுக்கச் சொல்லி 2013 முதல் சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஆரம்பிப்பதில் பலன் குறைவு. அதனால்தான் இப்போதே எடுக்கச் சொல்கிறேன்.

நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஸ்டாட்டினால் அபூர்வமாகத் தசை சிதைந்து, அதனால் கிட்னி பாதிக்கப்படலாம். காரணமில்லாமல் தொடையும் தோளும் கடுமையாக வலித்து, சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இந்த ஆபத்தைக் கூட்டும். சளி, இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனால் அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். மற்றபடி இதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டினுக்குத்தான் கிட்னி மிகவும் மோசமானால் அளவைக் குறைக்க வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அதுவும் தேவையில்லை.

கிட்னியைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. அடுத்த முறை சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள்; 30-க்குக் கீழே இருப்பது நல்லது. பிரஷருக்கான டெல்மிசார்டன் வகை மாத்திரையும் சர்க்கரைக்கான டபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரையும் உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இவை இரண்டும் கிட்னி கெடும் வேகத்தையே குறைப்பவை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற பொடி எதையும் வாங்காதீர்கள்; அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்கள் கிட்னிக்குத்தான் முதலில் தெரியவரும்.