காய்ச்சலே இல்லை, அப்புறம் எப்படி செப்சிஸ்?

கேள்வி: டாக்டர், என் மாமியாருக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்தார், ராத்திரியில் என்றோ இறந்துபோன அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், சிறுநீர்த் தொற்று செப்சிஸ் ஆகிவிட்டது என்று ஐசியுவில் சேர்த்தார்கள். காய்ச்சலே இல்லையே, எப்படி?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: செப்சிஸ் என்றால், தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய் உறுப்புகளையே பாதிப்பது. அந்தப் பிதற்றல்தான் அம்மா அதன் முதல் அறிகுறி. வயதானவர்களுக்குத் தொற்று முற்றினாலும் பல நேரம் காய்ச்சல் வராது, சிலருக்கு உடம்பு சில்லிட்டே போகும். மூட்டுவலிக்குத் தினமும் பாராசிட்டமால் போடுபவர்களுக்கு, வருகிற காய்ச்சலும் மறைந்துவிடும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அதை வயதின் மேல் போடாதீர்கள். முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள், தாழ்சர்க்கரையிலும் இப்படி ஆகும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. பிரஷரில் மேல் அளவு 100க்கு இறங்கினால் ஆபத்து, ஆனால் எப்போதும் 160 இருப்பவருக்கு 110 என்பதே பெரிய இறக்கம், அதனால்தான் வழக்கமான அளவை எழுதி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிறுநீர் குறைந்திருக்கிறதா, முதுகில் படுக்கைப்புண், காலில் சர்க்கரைப் புண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேஷுவல்டியில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுப்பார்கள், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் கூடும் லாக்டேட் அளவையும் பார்ப்பார்கள், பிரஷர் விழுந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். டிரிப்ஸ் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை என்றால், பிரஷரை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின். இதயம் பலவீனமானவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், டிரிப்ஸ் ஏறும்போது மூச்சைக் கவனித்துக்கொள்வார்கள். மாத்திரைகளை அப்படியே பையோடு கொண்டுபோங்கள். பிரஷருக்கு அட்டெனோலால் போன்றவை சாப்பிடுபவருக்கு நாடி வேகமாக ஓடாது, அதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. “பாட்டி எப்போதும் இப்படித்தானா?” என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, “இல்லை, முந்தாநாள் வரை தானாகவே சாப்பிட்டார்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கடலூரில் பலர் நேராகப் புதுச்சேரி ஜிப்மருக்கே போய்விடலாம் என்று கார் தேடுகிறார்கள். வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு, கிட்டத்தில் அவசர சிகிச்சை எங்கே இருக்கிறதோ, அரசு தலைமை மருத்துவமனையோ வேறு எதுவோ, அங்கே முதல் ஊசியும் டிரிப்ஸும் ஆரம்பிக்கட்டும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்தே அனுப்புவார்கள்.