மோட்டார் ரூமுக்கு யார் போகச் சொன்னது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஐந்து கூஸ் வாத்துகள் இருக்கின்றன, ஆறு வருஷத்துக்கு முன் மாமனார் குஞ்சாக வாங்கி வந்தவை. இரண்டு மாதமாக ராத்திரி முழுக்கக் கத்துகின்றன, தூங்க முடியவில்லை. நாட்டுக்கோழிக்கு அடை வைத்த பதினொரு வாத்து முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. போன தடவை பொரித்த இரண்டு குஞ்சுக்கும் கால் வளைந்துபோய், கால்நடை மருத்துவரை வீட்டுக்கே வரவழைத்துக் காட்டியும் ஒன்று செத்துவிட்டது. எது ஆண், எது பெண் என்று எங்களுக்குத் தெரியாது, மாமனாருக்குத்தான் தெரியும். அவர் இருமல் அதிகமாகி, பத்தாம் வகுப்புப் பையன் படிப்புக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று தீபாவளிக்கு அப்புறம் அவராகவே மோட்டார் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். வாத்துகளைக் கறிக்கு விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: வாத்துக்கு அப்புறம் வருகிறேன். “அவராகவே” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு வரும் கடிதங்களில் பெரியவர்கள் எல்லாவற்றையும் அவர்களாகவேதான் செய்கிறார்கள். அவராகவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார், அவராகவே திண்ணைக்கு மாறிக்கொண்டார், அவராகவே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இருமல் வரும்போதெல்லாம் வீட்டில் யாரோ ஒருவர் உச்சுக் கொட்டியிருப்பீர்கள், கதவை ஒரு தடவை பலமாகச் சாத்தியிருப்பீர்கள். வயசான மனுஷனுக்கு அது போதாதா?

உங்கள் கடிதத்தில் ஜனவரி 4 என்று தேதி போட்டிருக்கிறது. இரண்டு மாதம் பின்னால் எண்ணினால் அவர் வீட்டை விட்டுப் போன நாளும், வாத்து கத்த ஆரம்பித்த நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. பொழுது சாயும்போது அவற்றை ஓட்டிவந்து அடைத்துக் கொண்டி போட்டவர் யார்? இப்போது யார் அடைக்கிறார்கள்? யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியில் கிடக்கும் வாத்து நாய் நடந்தாலும் கத்தும், மட்டை விழுந்தாலும் கத்தும், ஒன்று ஆரம்பித்தால் மற்ற நாலும் சேர்ந்துகொள்ளும், அதன் சுபாவம் அது. இருமல் சத்தம் வேண்டாம் என்று ஆளை அனுப்பிவிட்டு வாத்துச் சத்தத்தை வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

முட்டை விஷயம். ஒரு கூஸ் முட்டை ஏறக்குறைய 150 கிராம், நாட்டுக்கோழி முட்டையைப் போல மூன்று பங்குக்கு மேல். அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியில் நாலு, மிஞ்சினால் ஐந்துதான் அடங்கும், நீங்கள் பதினொன்றை வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு கனத்தைக் கோழியால் உருட்டித் திருப்ப முடியாது, காலையும் மாலையும் நாம்தான் கையால் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம், கோழிக்கு 21 நாள் கணக்கு, இதற்கு 30 நாள் ஆகும். நடுவில் கோழி எழுந்து போய்விட்டால் முடிந்தது கதை. ஆண் சேராத முட்டையை எத்தனை நாள் அடை வைத்தும் பிரயோஜனம் இல்லை; போன தடவை இரண்டு பொரித்ததால் அப்போது ஆண் இருந்திருக்கிறது, இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாலு பெண்ணுக்கு ஓர் ஆண் வேண்டும். ஆணின் குரல் கீச்சென்று இருக்கும், பெண்ணுக்குக் கட்டைக்குரல், நெற்றிக் குமிழும் ஆணுக்குப் பெரிது. இதையெல்லாம் அவர் முப்பதடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார்.

குஞ்சின் கால் வளைந்ததற்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போட்டது காரணமாக இருக்கலாம். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் என்ற ஈஸ்ட் பொடி கொஞ்சம் கலந்து, இளம்புல் பொடியாக நறுக்கிப் போடுங்கள். தரையில் நியூஸ்பேப்பர் விரிக்காதீர்கள், கால் வழுக்கி அகன்றுவிடும், சாக்கு விரியுங்கள். மூக்கு முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும்.

கறிக்கு விற்பதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை, நானும் கறி தின்கிறவள்தான். ஆனால் ஆறு வருஷத்து வாத்தை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் ரப்பர்தான், வாங்குகிறவர் உங்களைத் திட்டுவார். அது போகட்டும், இருபது வருஷம்கூட இருக்கக்கூடிய உயிர் அது. குஞ்சிலிருந்து வளர்த்தவர் பின்னால் வரிசை கட்டி நடந்து பழகியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தோப்பு யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை அம்மணி. குஞ்சுக்குக் கால் வளைந்தால் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மனுஷன் இருமினதற்கு யாரைக் கூப்பிட்டீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. காசநோய் என்றே வந்தாலும் மாத்திரை இலவசம், பெரும்பாலும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். மார்கழிப் பனியில் மோட்டார் ரூமில் இருமிக்கொண்டு கிடந்தால் எது சரியாகும்? ஸ்டார்ட்டர் பெட்டி, ஈரத்தரை, கொசு, மோட்டார் ஓடினால் காது அடைக்கும் இரைச்சல். உங்கள் கணவர் ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்க்கட்டும். பரிசோதனை முடிவு வரும்வரை ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள், பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரட்டும். தாத்தா இருமுவதைக் கேட்டுக்கொண்டே படித்துத்தான் நாமெல்லாம் பாஸ் செய்தோம்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் இன்றைக்குப் பொழுது சாய, “மாமா, வாத்தை எங்களால் அடைக்க முடியல, நீங்க வாங்க” என்று நீங்கள் போய்க் கூப்பிடுங்கள். பாயையும் போர்வையையும் உங்கள் கணவர் சுருட்டித் தூக்கிக்கொண்டு வரட்டும், அவருடைய அப்பாதானே.