விளம்பரத்துக்காகக் குதித்ததில் அறிவியல் எவ்வளவு?

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் பலூனிலிருந்து குதித்த காணொளியை வகுப்பில் காட்டலாம் என்றிருந்தேன். 'பானக் கம்பெனி விளம்பரத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதா?' என்கிறார் சக ஆசிரியர். அதில் அறிவியல் ஏதும் இருக்கிறதா? இப்படிப்பட்ட சாகசங்களை எதை வைத்து எடைபோடுவது?

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். உங்கள் நண்பர் சொல்வதிலும் தப்பில்லை. 2012 அக்டோபர் 14 அன்று நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லில் நடந்த அந்தக் குதிப்புக்குப் பணம் போட்டது ரெட் புல். யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். போட்ட பணம் அதிலேயே வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். 'விண்வெளியிலிருந்து குதித்தார்' என்பதும் விளம்பரப் பேச்சுதான். குதித்த உயரம் 38,969 மீட்டர். விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்வது 100 கிலோமீட்டர். அதில் பாதிகூட இல்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1960 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்க விமானப்படையின் ஜோ கிட்டிங்கர் 31,333 மீட்டரிலிருந்து குதித்தார். அது முழுக்க ஆய்வு: மிக உயரத்தில் விமானத்தைவிட்டு வெளியேற நேர்ந்தால் விமானி உயிரோடு தரைசேர வழியுண்டா? மேலே போகும்போதே அவருடைய வலது கையுறையில் அழுத்தம் நிற்காமல் கை வீங்கிவிட்டது. சொன்னால் இறக்கிவிடுவார்களே என்று, கீழே இருந்தவர்களிடம் உடனே சொல்லாமல் ஏறினார் மனிதர். 2012இல் பாம்கார்ட்னரின் காதில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த குரல் இவருடையதே.

2012இல் முக்கியமாகச் சோதிக்கப்பட்டது உடையும் உடம்பும். சுமார் 19 கிலோமீட்டருக்கு மேல், அழுத்தம் தரும் உடை இல்லையென்றால் உடல் சூட்டிலேயே உடம்பின் நீர் ஆவியாகத் தொடங்கிவிடும். அடுத்த ஆபத்து சுழற்சி. வழக்கமான உயரத்தில் விமானத்திலிருந்து குதிப்பவர்கள் கைகாலை விரித்துக் காற்றைத் தள்ளித் தங்களை நேராக்கிக்கொள்வார்கள். அவ்வளவு உயரத்தில் தள்ளப் போதிய காற்று இல்லை. கிட்டிங்கர் தன்னை நிலைநிறுத்த ஒரு சின்னப் பாராசூட்டை விரித்துக்கொண்டு விழுந்தார். பாம்கார்ட்னர் அதை விரிக்காமல் விழுந்து, வினாடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்று சுழன்றார். சுழலும் வேகம் கூடினால் ரத்தம் தலைக்கு ஏறி, கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். 3.5 ஜி விசை (புவியீர்ப்பைப்போல் மூன்றரை மடங்கு) தொடர்ந்து 6 வினாடி நீடித்தால் அந்தச் சின்னப் பாராசூட் தானாக விரியும்படி ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது விரியவில்லை. காற்று அடர்ந்ததும் அவரே சமாளித்து நேரானார்.

மருத்துவக் குழுவின் தலைவர் ஜொனாதன் கிளார்க் முன்பு நாசாவில் மருத்துவராக இருந்தவர். 2003இல் கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது அதில் இருந்த லாரல் கிளார்க் அவர் மனைவி. உயரத்தில் விபத்து நடந்தால் ஆட்களைக் காப்பாற்ற முடியுமா என்பது அவருக்கு வெறும் தொழில்முறைக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. குதிப்பின் பதிவுகளும் பெட்டியில் தூங்கவில்லை. 2017இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை அலசி, மடிப்பும் முதுகுப்பையுமாக ஒழுங்கற்றிருந்த அந்த உருவத்துக்கு, ஒலிவேகத்தை ஒட்டி எதிர்பார்த்த அளவுக்குக் காற்றுத்தடை கூடவில்லை என்று காட்டினார்கள்.

எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: எதை அளந்தார்கள், அந்த அளவு வெளியாள் கைக்கு வந்ததா? 2022இல் அரிசோனாவில் இரண்டு விமானிகள் பறக்கும் விமானங்களை விட்டுக் குதித்து, ஒருவர் விமானத்தில் மற்றவர் ஏறிக்கொள்ள முயன்றார்கள். அதற்கும் ரெட் புல்தான் புரவலர். அமெரிக்க விமானத்துறை விதிவிலக்கு தர மறுத்தும் செய்தார்கள். ஒருவரால் ஏற முடியவில்லை. விமானி உரிமம் இருவருக்கும் போயிற்று. அதில் எனக்கு அறிவியல் எதுவும் தென்படவில்லை. மறுபக்கம் ஆலன் யூஸ்டஸ். கூகுளில் உயர் பதவியில் இருந்தவர், விளம்பரமாகிவிடும் என்று கம்பெனி உதவியை வேண்டாமென்றார். 2014 அக்டோபர் 24 அன்று, கூண்டுகூட இல்லாமல் பலூனில் தொங்கியபடி ஏறி 41,419 மீட்டரிலிருந்து குதித்தார். உயரத்தில் சாதனை இன்றும் அவருடையது. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும், கேட்டுப்பாருங்கள்.

இனி வகுப்புக்கு. வர்ணனை சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள். ஏறத்தாழ 50ஆவது வினாடியில் பாம்கார்ட்னரின் உச்ச வேகம் மணிக்கு 1,357.6 கிலோமீட்டர். அங்கே காணொளியை நிறுத்தி, காற்றே இல்லாவிட்டால் என்ன வேகம் வரும் என்று போடச் சொல்லுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் ஜி 9.7 என்று வைத்தால் வினாடிக்கு 485 மீட்டர், மணிக்குச் சுமார் 1,750 வரும். மீதி எங்கே போயிற்று? அடுத்து, 1,357.6 என்பது வினாடிக்கு 377 மீட்டர். அதைத் தரையருகே ஒலி போகும் வேகமான 340ஆல் வகுத்தால் 1.11தான், பதிவேடோ மாக் 1.25, அதாவது ஒலியைப்போல் 1.25 மடங்கு என்கிறது. மேலே குளிர், ஒலி அங்கே வினாடிக்கு 300 மீட்டர் அளவில்தான் போகும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கட்டும். கடைசியாக, அவர் விழுந்துகொண்டே இருந்தும் வேகம் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். முற்றுத் திசைவேகம் (விழும் பொருளின் எடையும் காற்றுத்தடையும் சமமாகும்போது வரும் வேகம்) மாறாத ஒன்று என்று மனப்பாடம் செய்தவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். திணறட்டும், பதிலை உடனே சொல்லாதீர்கள்.